வாக்கும் குரலும்: தமிழ்த் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளும் ஒரகடம் வட்டாரத்துப் பார்வையாளர்களும்

பாட்டுப் போட்டி ஒன்றில் வென்றவர் யார் என்று சொல்லும் உரிமை இசை கற்ற நடுவரைச் சேர்ந்ததா, வீட்டிலிருந்து கேட்கும் மக்களைச் சேர்ந்ததா என்ற கேள்வி, 2006ஆம் ஆண்டில் விஜய் தொலைக்காட்சி ‘ஏர்டெல் சூப்பர் சிங்கர்’ நிகழ்ச்சியைத் தொடங்கியது முதல் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப எழுந்து வந்திருக்கிறது. அந்த விவாதம் பெரும்பாலும் சுருதி, தாளம், பயிற்சி, மொழி ஆகியவற்றைச் சுற்றியே நடக்கிறது. வாக்களித்தல் என்னும் செயல் எந்தக் கருவியால், எவர் செலவில், நாளின் எந்த வேளையில் நிகழ்கிறது என்பதும் முடிவைப் பாதிக்கும் காரணிதான் என்றாலும், அது விவாதத்தின் ஓரத்திலேயே நின்றுவிடுகிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் ஆலை வட்டாரத்திலிருந்து இக்கேள்வியைப் பார்த்தால் அந்த ஓரம் நடுவுக்கு வருகிறது. வாக்களிக்கப் பயன்பட்ட கைபேசிகள் செய்யப்பட்ட இடமும், வாக்களிக்கும் வயதும் ஆர்வமும் உடைய இளம் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் தங்கியிருக்கும் இடமும் இங்கே ஒன்றாகவே அமைந்துள்ளன.

வாக்கு வருவதற்கு முன்பும் தமிழில் பாட்டுப் போட்டிகள் இருந்தன. இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீத் நடத்திப் பின்னர் சன் தொலைக்காட்சிக்கும் வந்த ‘பாட்டுக்குப் பாட்டு’, அதே தொலைக்காட்சியில் ஏ.வி. ரமணன் நடத்திய ‘சப்தஸ்வரங்கள்’, வட இந்தியாவில் 1995இல் ஜீ தொலைக்காட்சி தொடங்கிய ‘ச ரி க ம’ ஆகியவற்றில் தீர்ப்பு அரங்குக்குள்ளேயே வழங்கப்பட்டது. வீட்டில் இருந்தவர் கேட்டு மகிழலாம், முடிவில் தலையிட முடியாது. பிரிட்டனில் 2001இல் ஒளிபரப்பான ‘பாப் ஐடல்’ இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கி, நடுவர் கருத்துரைப்பார், நேயர் தீர்ப்பளிப்பார் என்ற முறையைக் கொண்டுவந்தது. அதன் இந்திய வடிவமான ‘இந்தியன் ஐடல்’ 2004இல் சோனி தொலைக்காட்சியில் தொடங்கிற்று. அதே ஆண்டில் வியட்நாமின் அரசுத் தொலைக்காட்சியும், ‘விடிவெள்ளி’ என்று பொருள்படும் ‘சாவ் மாய்’ என்ற தனது பழைய பாட்டுப் போட்டியிலிருந்து நேயர் வாக்குடன் கூடிய புதிய கிளை ஒன்றைத் தொடங்கியது. கைபேசி பரவிய நாடுகளிலெல்லாம் ஏறத்தாழ ஒரே காலத்தில் இந்த முறை வேர் பிடித்திருப்பதைக் கொண்டு, இசைச் சுவையில் நேர்ந்த மாற்றத்தைவிடக் கருவியின் பரவலே இதற்கு முதற்காரணம் என்று கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் அந்தப் பரவல் 2006ஆம் ஆண்டில் மூன்று திசைகளிலிருந்து வந்து கூடியது. அவ்வாண்டு ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூர் சிப்காட் வளாகத்தில் நோக்கியா நிறுவனத்தின் கைபேசி ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஏப்ரலில் சூப்பர் சிங்கர் முதல் பருவம் தொடங்கியது. செப்டம்பர் 15 அன்று மு. கருணாநிதி தலைமையிலான அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கி, அடுத்த ஐந்தாண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குப் பெட்டிகளை வழங்கியது. இந்த மூன்றுக்கும் இடையே திட்டமிட்ட உறவு ஏதும் இல்லை. ஆயினும் பார்ப்பதற்குப் பெட்டியும், பதில் சொல்வதற்குக் கைபேசியும், இரண்டையும் இணைக்கும் நிகழ்ச்சியும் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்ததால், அதுவரை எந்த இசை மன்றத்திலும் இடம் கிடைத்திராத குடும்பங்கள் ஓர் இசைத் தீர்ப்பில் பங்கேற்க முடிந்தது. இந்த நிகழ்வின் சமூக முக்கியத்துவத்தை மறுத்துவிட்டு, ‘வெகுசன ரசனை’ என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது நியாயமாகாது.

அன்றைய வாக்களிப்பு எளிதான செயலாகவும் இல்லை. பொத்தான் கைபேசியில் ஆங்கில எழுத்துகள் மூன்றும் நான்குமாக ஒவ்வோர் எண்ணின் மீதும் அடுக்கப்பட்டிருந்தன. ‘எஸ்’ என்ற ஓர் எழுத்தைப் பெற ஏழாம் பொத்தானை நான்கு முறை அழுத்த வேண்டும், அதே எழுத்து மறுபடி வேண்டுமானால் சற்று நிறுத்தி, மீண்டும் நான்கு முறை அழுத்த வேண்டும். நிகழ்ச்சியின் குறியெழுத்து, ஓர் இடைவெளி, போட்டியாளரின் எண் என்ற வரிசை பிசகாமல் தட்டச்சு செய்து, ‘குறுக்கெண்’ எனப்படும் சில இலக்கங்களே கொண்ட சிறப்பு எண்ணுக்கு அனுப்பினால்தான் வாக்கு கணக்கில் சேரும்; பிசகினால் காசு போகும், வாக்கு சேராது. இத்தகைய குறுஞ்செய்திக்கு வழக்கமான கட்டணத்தைவிடப் பல மடங்கு கூடுதலாக வசூலிக்கப்பட்டது. இக்கூடுதல் தொகை தொலைபேசி நிறுவனத்துக்கும், இடையில் தொழில்நுட்பச் சேவை தருவோருக்கும், ஒளிபரப்பாளருக்கும் பிரிந்து சென்றது.

இந்த வருவாயின் அளவை மதிப்பிட, பாட்டுப் போட்டிக்கு வெளியே ஒரு வழக்கு உதவுகிறது. 2007இல் ஸ்டார் தொலைக்காட்சியின் ‘கோன் பனேகா குரோர்பதி’ வினாடி வினா நிகழ்ச்சியின் மூன்றாம் பருவத்தில் நேயர்களுக்கென ஒரு குறுஞ்செய்திப் போட்டி நடத்தப்பட்டது; ஒரு செய்திக்கு 2.40 ரூபாய் கட்டணம். சுமார் 5.8 கோடிச் செய்திகள் வந்து, அவற்றின் வழியே ஏறத்தாழ 13.92 கோடி ரூபாய் வசூலானதாக வழக்கில் பேசப்பட்டது. பரிசுத் தொகை நேயர்களிடமிருந்தே வசூலிக்கப்பட்டது என்று கருதிய தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2008இல் ஸ்டார், ஏர்டெல் நிறுவனங்களுக்கு ஒரு கோடி ரூபாய் தண்டத் தொகை விதித்தது. அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2019இல் அந்த ஆணையை ரத்து செய்தது. சட்டத்தின் பார்வையில் அது முடிந்த செய்தி. எனினும், நேயரின் விரல் நுனியில் சேர்ந்த சில்லறை எவ்வளவு பெரிய தொகையாகத் திரளும் என்பதற்கு அந்த எண்கள் சான்று. ஒரு தொலைபேசி நிறுவனத்தின் பெயரையே தலைப்பில் சூடிய பாட்டுப் போட்டியில், வாக்கு ஒவ்வொன்றும் அந்தத் துறைக்கு வணிகமாகவும் இருந்தது என்பதை மறந்துவிட்டு வாக்கின் தூய்மையைப் பேச இயலாது.

கட்டணத்தைவிட ஆழமான சிக்கல் எண்ணும் முறையில் இருந்தது. பொதுத் தேர்தலில் ஒருவருக்கு ஒரு வாக்கு. தொலைக்காட்சி வாக்கில் ஒருவர் பல வாக்குகள் அளிக்கலாம். ஆகவே அது எத்தனை பேர் விரும்பினர் என்பதைவிட, விரும்பியவர் எவ்வளவு தீவிரமாக விரும்பினர், அதற்காக எவ்வளவு செலவிடத் துணிந்தனர் என்பதையே அளந்தது. இறுதிச் சுற்றில் ஐவர் நின்றால், ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பெற்றவர்கூட வென்றுவிட முடியும். ஒரே பாணியில் பாடும் இருவர் தமக்குள் வாக்கைப் பிரித்துக்கொள்ள, தனிப் பாணியில் பாடும் மூன்றாமவர் முந்திவிடலாம். இது எவருடைய சூழ்ச்சியும் அன்று. அதிக வாக்கு பெற்றவரே வென்றவர் என்ற விதியின் இயல்பான விளைவு.

தீவிரம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு 2007ஆம் ஆண்டு ‘இந்தியன் ஐடல்’ மூன்றாம் பருவம் தெளிவான எடுத்துக்காட்டு. கொல்கத்தா காவல்துறையில் பணியாற்றிய, டார்ஜிலிங் மலையைச் சேர்ந்த பிரசாந்த் தமாங்குக்கும், மேகாலயாவின் ஷில்லாங்கைச் சேர்ந்த அமித் பாலுக்கும் இடையே நடந்த இறுதிப் போட்டியில், மலை ஊர்கள் நிதி திரட்டி வாக்களித்தன. நேபாளி மொழி பேசுவோர் தங்கள் அடையாளத்துக்குக் கிடைத்த மதிப்பாகத் தமாங்கின் வெற்றியைக் கொண்டாடினர். அவரைப் பற்றி வானொலித் தொகுப்பாளர் ஒருவர் சொன்ன இழிவான கருத்து சிலிகுரியில் கலவரத்துக்கு வித்திட்டது. அதே ஆண்டு அக்டோபரில் பிமல் குருங் கூர்க்கா ஜன்முக்தி மோர்ச்சாவைத் தொடங்கியபோது, தமாங்குக்காகத் திரண்ட ஊக்கம் அந்த இயக்கத்துக்கும் உரமாயிற்று. பாட்டுக்கு விழுந்த வாக்கு, அரசியலில் குரல் கிடைக்காத மக்களின் தலை எண்ணிக்கையாகவும் அங்கே மாறியது.

தமிழில் இதற்கு நெருங்கிய நிகழ்வு ஈழத் தமிழர்களைச் சுற்றி அமைந்தது. சூப்பர் சிங்கர் ஜூனியர் நான்காம் பருவத்தில் கனடாவிலிருந்து வந்த ஜெசிக்கா ஜூட்ஸ், நாட்டை விட்டுப் பிரிவோரின் துயரைப் பாடும் ‘விடை கொடு எங்கள் நாடே’ பாடலைப் பாடியபோது, 2009இல் முடிந்த ஈழப் போரின் துயரத்தைச் சுமந்திருந்த புலம்பெயர் தமிழர் பலர் அதைத் தங்கள் குரலாகவே ஏற்றனர். 2015இல் நடந்த இறுதிச் சுற்றில் கர்நாடகத்தைச் சேர்ந்த ஸ்பூர்த்தி முதலிடமும் ஜெசிக்கா இரண்டாமிடமும் பெற்றனர். தமக்குப் பரிசாகக் கிடைத்த ஒரு கிலோ தங்கத்தை ஆதரவற்ற குழந்தைகளுக்கு வழங்குவதாக ஜெசிக்கா அறிவித்தார். 2023 டிசம்பரில் ஜீ தமிழின் ‘சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்’ போட்டியில் யாழ்ப்பாணத்துச் சிறுமி கில்மிஷா வென்றதும், அதே பருவத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த அசானிக்குக் கிடைத்த பேராதரவும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்கத் தக்கவை. இத்தகைய வாக்கை ‘இரக்க வாக்கு’ என்று குறைத்துச் சொல்லும் வழக்கம் உண்டு. பாடலைக் கேட்பவர் தம் வாழ்வைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்பதில்லை. ஒரு குரல் ஒரு மக்கள் கூட்டத்தின் நினைவைத் தொடுவதும் இசையின் திறன்களில் ஒன்றே.

இனி நடுவர் தீர்ப்புக்கும் வாக்குத் தீர்ப்புக்கும் இடையே உள்ள இடைவெளியைக் கருதலாம். 2011இல் முடிந்த சூப்பர் சிங்கர் மூன்றாம் பருவத்தில் பட்டம் சாய்சரணுக்குச் சென்றது. நடுவர்களின் பாராட்டைத் தொடர்ந்து பெற்றுவந்த சத்யபிரகாஷும் பூஜாவும் இறுதி மேடை வரை வந்து பட்டத்தைத் தவறவிட்டனர். ஆறாண்டுகள் கழித்து, 2017இல் ஏ.ஆர். ரகுமான் இசையில் வெளியான ‘மெர்சல்’ படத்தின் ‘ஆளப்போறான் தமிழன்’ பாடலைப் பாடியவர்களுள் சத்யபிரகாஷ், பூஜா இருவரும் இருந்தனர். பட்டம் ஒருவரிடம் போனாலும் பாடும் வாய்ப்பு வேறு வழியில் வந்தது. திரை இசையமைப்பாளர் வாக்குகளை எண்ணுவதில்லை, தமக்கு வேண்டிய குரலைத் தேடுகிறார். ஆகவே வாக்கு திறமைசாலிகளை அழித்துவிடும் என்ற அச்சத்துக்கு அனுபவம் பெரிதாக இடம் தரவில்லை.

வாக்கு செய்த நற்பணி வேறிடத்தில் இருக்கிறது. 2014இல் பட்டம் பெற்ற திவாகர் முறையான சங்கீதப் பயிற்சி இல்லாமல், கேட்டே பாடப் பழகியவர். 2018இல் ஆறாம் பருவத்தை வென்ற புதுக்கோட்டை வட்டாரத்து நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ், அதற்கு முன் பல்லாண்டுகளாகக் கோயில் திருவிழாக்களிலும் கிராம மேடைகளிலும் மனைவி ராஜலட்சுமியுடன் பாடிவந்தவர். ராஜலட்சுமியும் அதே போட்டியில் பங்கேற்றார். அடுத்த பருவத்தில் 2019இல் மூக்குத்தி முருகன் வென்றார். நாட்டுப்புறக் குரலின் இயல்பு அடி வயிற்றிலிருந்து வரும் திறந்த ஓசை. மைக் இல்லாத வெளியில் பறையோடும் தவிலோடும் போட்டியிட்டுப் பழகிய ஓசை அது. கமகத்தின் நுட்பத்தையும் சுருதி நிலைப்பையும் கொண்டு மதிப்பெண் இடும் அளவுகோல், அந்த ஓசைக்கு இருக்கும் ஒலிவீச்சையும் சொல் தெளிவையும் கணக்கில் எடுப்பதில்லை. செந்தில் கணேஷ் வென்றபோது, அவரோடு இறுதிச் சுற்றில் நின்ற ரக்‌ஷிதா இசை நுட்பத்தில் மேம்பட்டவர் என்ற வாதம் வலுவாக எழுந்தது. அந்த அளவுகோலின்படி அவ்வாதம் சரியாகவும் இருக்கலாம். அளவுகோலையே கேள்விக்கு உட்படுத்தியது வாக்கு செய்த வேலை. ‘நம்ம ஊர்ப் பாட்டு’ என்று கிராமத்தார் சொல்லும் இசைக்கு, அதுவரை தொலைக்காட்சிப் போட்டியில் பண்டிகை நாள் சிறப்புச் சுற்று மட்டுமே ஒதுக்கப்பட்டு வந்தது. வாக்குதான் அதை முதல் வரிசைக்குக் கொண்டுவந்தது.

அதே வாக்கு நெடுங்காலம் செய்யத் தவறியதும் ஒன்று உண்டு. ஜூனியர் பருவங்களில் அல்கா அஜித், ஸ்பூர்த்தி, பிரித்திகா எனச் சிறுமியர் பலர் வென்றிருக்க, பெரியவர்களுக்கான பருவங்களில் நிகில் மேத்யூ, அஜீஷ், சாய்சரண், திவாகர், ஆனந்த் அரவிந்தாக்‌ஷன், செந்தில் கணேஷ், மூக்குத்தி முருகன், ஸ்ரீதர் சேனா என எட்டுப் பருவங்கள் தொடர்ந்து ஆண்களே வென்றனர். 2023இல் ஒன்பதாம் பருவத்தில் அருணா வென்றபோதுதான் அந்த வரிசை முறிந்தது. பதினேழு ஆண்டுகளில் பெண் குரலுக்குத் தட்டுப்பாடு இருந்ததாகச் சொல்ல முடியாது. குடும்பத்தின் கைபேசி யார் கையில் இருந்தது, ரீசார்ஜ் காசை யார் செலவிட்டனர் என்பதோடு இதற்குத் தொடர்பு இருந்திருக்கக்கூடும் என்ற ஊகத்தைப் புறக்கணிக்கலாகாது. பெண்களும் தம் பெயரில் கைபேசி வைத்துக்கொண்டு செயலி வழியே கட்டணமின்றி வாக்களிக்கும் காலத்தில் இந்த மாற்றம் நேர்ந்திருப்பது கவனிக்கத் தக்கது.

இந்த இடத்தில் ஒரகடம் வட்டாரம் மீண்டும் விவாதத்துக்குள் வருகிறது. நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டே அந்நிறுவனம் வியட்நாமின் பாக் நின் மாகாணத்தில் கைபேசி ஆலை ஒன்றைத் திறந்திருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் வேலையிழந்தவர்களில் பெரும்பகுதியினர் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்கள். பொத்தான் கைபேசிகளைப் பூட்டியும் சோதித்தும் அனுப்பிய கைகள் அவர்களுடையவை. சில ஆண்டுகளில் சுங்குவார்சத்திரத்தை ஒட்டிய ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் உற்பத்தி பெருகியது. இளம் பெண்களே அங்கும் பெரும்பான்மையினர். அவர்களின் தங்குமிடச் சிக்கல் 2021 டிசம்பரில் விடுதி உணவால் பலர் நோயுற்றதையடுத்துச் சாலை மறியலாக வெடித்தது. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குவதற்கென 706.5 கோடி ரூபாய் செலவில் கட்டப்பட்ட விடுதி வளாகத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2024 ஆகஸ்டில் திறந்துவைத்தார். ஊர் விட்டு வந்து, ஒரே வயதில், ஒரே இடத்தில் இத்தனை பெண்கள் வாழும் சூழல் தமிழ்நாட்டில் அரிது.

இவர்கள் நேயர்களாக இருக்கும் முறைக்கு ஆலையின் நேரமே எல்லை வகுக்கிறது. ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். இரண்டாம் ஷிப்டில் இருப்பவர் பிற்பகலில் கம்பெனி பஸ் ஏறினால் இரவு பத்து மணிக்கு மேல்தான் விடுதி திரும்புவார். மாலை நேர ஒளிபரப்பை அவர் நேரில் பார்க்க இயலாது. பல மின்னணு ஆலைகளில் சொந்தக் கைபேசியை உற்பத்திக் கூடத்துக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. வாயிலருகே உள்ள லாக்கரில் வைத்துவிட்டுப் போக வேண்டும். நாள் முழுதும் நூற்றுக்கணக்கான கைபேசிகளைக் கையால் தொடுபவருக்கு, வாக்கெடுப்பு நடக்கும் நேரத்தில் தம் கைபேசி கைக்கு எட்டாது. இரவுப் பணியில் இருப்போருக்கும் ஓவர்டைம் பார்ப்போருக்கும் இதே நிலை.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையக் கட்டணம் வீழ்ந்த பின்பு, குறுஞ்செய்தி வாக்கு மெல்ல மறைந்து, ஹாட்ஸ்டார் போன்ற செயலிகளுக்கு வாக்கெடுப்பு இடம் மாறியது. ஒரு கணக்குக்கு இத்தனை வாக்கு என்ற வரம்பு வந்ததும், கட்டணம் ஒழிந்ததும் மெய்யான முன்னேற்றங்கள். வாக்கின் விலை மட்டும் உருமாறியது. முன்பு 2 அல்லது 3 ரூபாய் கொடுத்தவர், இப்போது தம் எண்ணையும் பார்வைப் பழக்கத்தையும் செயலியிடம் கொடுக்கிறார். விளம்பரதாரருக்கு அது சில்லறைக் காசைவிட மதிப்பு மிக்க சரக்கு.

பரிசும் இந்த வட்டாரத்தின் பொருளாதாரத்தோடு தொடர்புடையது. பணப்பரிசுக்குப் பதில் வீடு தருவது சூப்பர் சிங்கரின் பல பருவங்களில் வழக்கம். 2018இல் செந்தில் கணேஷ் வென்ற பரிசு, அருண் எக்செல்லோ நிறுவனம் வழங்கிய 50 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீடு. ஒரகடம் பகுதியில் ‘டெம்பிள் கிரீன்’ என்ற குடியிருப்பு நகரியத்தை விற்றதும் இதே நிறுவனம்தான். ஆலை வேலையை நம்பி வீட்டுக் கடன் வாங்கும் நடுத்தரக் குடும்பங்களே அத்தகைய திட்டங்களின் வாடிக்கையாளர்கள் என்பதால், பரிசளிப்பு மேடை அந்தக் குடும்பங்களை நோக்கிய விளம்பரமாகவும் அமைந்தது. பட்டம் கிடைக்காதவர்களுக்கும் இந்த வட்டாரம் பிழைப்பு தருகிறது. ஆடி மாதத்தில் அம்மன் கோயில் கூழ்வார்த்தல் திருவிழாவுக்கு வைக்கப்படும் ஃப்ளெக்ஸ் பேனர்களில் மெல்லிசைக் குழுவின் பெயருக்கு மேலே ‘சூப்பர் சிங்கர் புகழ்’ என்ற அடைமொழியோடு பாடகரின் படம் அச்சிடப்படுவது பழகிய காட்சி. இரண்டாம் சுற்றில் வெளியேறியவருக்கும் அந்த அடைமொழி கச்சேரிக் கூலியை உயர்த்தித் தருகிறது.

இவ்வளவு பணமும் பிழைப்பும் உணர்வும் தொங்கும் வாக்கைச் சரிபார்க்கும் ஏற்பாடு இந்தியாவில் வலுவற்றதாக இருக்கிறது. பிரிட்டனில் கட்டணத் தொலைபேசி வாக்கெடுப்புகளில் முறைகேடு வெளிப்பட்டபோது, ஒளிபரப்பு ஒழுங்காணையமான ஆஃப்காம் 2008இல் ஐடிவி நிறுவனத்துக்கு 56 லட்சம் பவுண்டுக்கும் மேல் தண்டம் விதித்தது. அதன்பின் வாக்கெடுப்பை மூன்றாம் தரப்பு சரிபார்க்க வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனையாயிற்று. தென் கொரியாவில் ‘புரொடியூஸ் 101’ தொடரின் வாக்குகளைத் திருத்திய தயாரிப்பாளர் 2020இல் சிறைத் தண்டனை பெற்றார். இந்தியாவில் 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் அடங்கிய நிகழ்ச்சி நெறிமுறை, ஆபாசம், மத நிந்தனை, வன்முறை முதலியவற்றைப் பற்றிப் பேசுகிறது; நேயர் வாக்கை எண்ணுவது பற்றி அது பேசவில்லை. மொத்த எண்ணிக்கை சில வேளைகளில் மேடையில் அறிவிக்கப்பட்டாலும், அவ்வாக்குகள் எத்தனை தனி எண்களிலிருந்து, எந்தெந்தப் பகுதிகளிலிருந்து வந்தன என்று வெளியிடும் வழக்கம் இல்லை. திரைப்படங்களில் ஏற்கெனவே பாடியிருந்த ஆனந்த் அரவிந்தாக்‌ஷன் ஐந்தாம் பருவத்தில் 2016இல் வென்றபோது எழுந்த கண்டனம், விதியில் தடை இல்லை என்ற விளக்கத்தாலும் எளிதில் தணியவில்லை. விதி என்ன, கணக்கு என்ன என்பது முன்கூட்டியே நேயருக்குத் தெரிந்திருந்தால், அந்தப் பாடகர் மீது வீண் பழி விழுந்திருக்காது.

நேயர் வாக்கை ஒழித்துவிட்டு நடுவரிடம் தீர்ப்பை ஒப்படைக்க வேண்டும் என்ற யோசனை, செந்தில் கணேஷுக்கும் முருகனுக்கும் திறந்த கதவை மூடிவிடும். 2004இல் வியட்நாமியப் போட்டி வேறொரு வழியைக் காட்டியது: கலைக் குழு தேர்ந்தெடுத்தவருக்கு ஒரு பரிசு, நேயர்கள் தேர்ந்தெடுத்தவருக்கு ஒரு பரிசு என இரண்டையும் தனித்தனியே வழங்கியது. இரு தீர்ப்புகளையும் ஒரே மதிப்பெண்ணாகக் கலந்து குழப்பாமல், இரண்டையும் அருகருகே வைத்தால், பயிற்சியின் பெருமைக்கும் மக்களின் விருப்பத்துக்கும் தனித்தனி மதிப்பு கிடைக்கும். தமிழ்ப் போட்டிகள் இதைப் பின்பற்றத் தடையேதும் இல்லை. வீட்டை ஒருவருக்குக் கொடுத்து, இசை ஆல்பம் ஒன்றை மற்றவருக்குக் கொடுக்கலாம். அதனோடு, வாக்கெடுப்பு ஒளிபரப்பு முடிந்த நேரத்திலிருந்து குறைந்தது இருபத்து நான்கு மணி நேரம் திறந்திருக்க வேண்டும் என்ற ஒரே ஒரு விதி சேர்ந்தால், வல்லம் வடகாலில் இரண்டாம் ஷிப்ட் முடித்துத் திரும்பும் பெண் செயலியில் நிகழ்ச்சியை முழுதாகப் பார்த்து, மறுநாள் பஸ் ஏறும் முன் தம் வாக்கை அளிக்க முடியும்.